எர்த் குழிக்குத் தண்ணீர்

மண்ணூருக்குக் கரண்ட் வந்த புதிதில் வயரிங் செய்த வீடு. ஏசுதாஸ் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டி ஆம்ப்ளிஃபயரைப் போட்டால், பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று இரைச்சல்தான் வரும். கொல்லையில் கரண்டை மண்ணில் இறக்க வெட்டி, கரியும் உப்பும் கொட்டிய எர்த் குழி காய்ந்துபோனால் அப்படித்தான். மாதா கோயில் பாட்டுக்குப் பழகும் சனிக்கிழமைகளில், அவர் மனைவி அன்னபுஷ்பம் குடத்தோடு போய் அதில் தண்ணீர் ஊற்றுவாள்.

"இன்னாங்க, அடங்கிச்சா?"

"இன்னும் ஊத்து மே."

அவர் "போதும்" என்று சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

அவள் இறந்த பிறகு இரண்டு வருஷம் கிட்டார் உறையிலேயே கிடந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், ஈஸ்டர் பாட்டுக்காக ஒரு மத்தியானம் வெளியே எடுத்தார். அதே இரைச்சல். பழக்கதோஷத்தில் கொல்லைப் பக்கம் திரும்பி, "ஊத்து மே" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது.

இரைச்சல் மெல்ல இறங்கி, நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தார். குடம் காய்ந்து கவிழ்ந்து கிடந்தது. குழி நிறைந்து, தண்ணீர் வாழைப் பாத்திக்கு வழிந்துகொண்டிருந்தது.

வாய்வரை வந்த "போதும்" என்ற சொல்லை விழுங்கிவிட்டு, ஏசுதாஸ் உள்ளே போய் வாசிக்க ஆரம்பித்தார்.