கன்னக்குழி முகம்

அப்பனிடம் அடிபட்ட பிள்ளையின் முகத்தைக் காட்டக் கூடாதென்று, நன்கொடையில் நடக்கும் ‘தளிர்’ செய்தித் தளம் தன் வீடியோவில் ஜெசிந்தாவுக்குக் கணினியில் செய்த ஒரு முகத்தை மாட்டியிருந்தது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும் முகம். குரல் மட்டும் அவளுடையது. அது நிஜ முகமல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை எவர் படித்தார்? ஊரே உருகியது.

அவளை வளர்க்கக் கேட்டு ஒரு தம்பதி அவள் இருந்த காப்பகத்துக்கு வந்தார்கள். தலைசீவி, நல்ல கவுன் போட்டு, வாசலிலேயே காத்திருந்தாள் ஜெசிந்தா.

அந்த அம்மாள் இவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். “கன்னத்துல குழி விழுமே, அந்தப் பாப்பா எங்கம்மா?”

ஜெசிந்தா சிரித்துப் பார்த்தாள். குழி விழவில்லை.

“அவ போயிட்டா ஆன்ட்டி. அவளுக்கு வீடு கெடச்சிருச்சு” என்றாள்.

அவர்களை அழவைத்த அதே குரல். இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.