தூணுக்குப் பின்னால் ஒரு நிமிடம்

"எவ்ளோ சமத்து, அழவே மாட்டேங்குதே!" என்று விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண் மெச்சியபோது வசுமதிக்குச் சுருக்கென்றது. காப்பகத்திலிருந்து பூவிழியைத் தத்தெடுத்து இரண்டு மாதமாகிறது. விழுந்தாலும் பசித்தாலும் அவள் அழுததில்லை, யாரையும் தேடியதுமில்லை. குழந்தை ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான் இந்த வெளிநாட்டுப் பயணமே.

போய் இறங்கிய ஊரின் ரயில் நிலையத்தில் பூவிழி பொம்மைக் கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வசுமதி கணவனை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"கிறுக்கா உனக்கு? ரெண்டரை வயசுப் பிள்ளைகிட்ட என்ன சோதனை?" என்றான் ஞானசேகர்.

"ஒரே நிமிஷங்க. என்னைத் தேடி ஒரு தடவை அழட்டும், ஓடிப்போய் அள்ளிக்கிறேன்."

பூவிழி திரும்பினாள். இடமும் வலமும் பார்த்தாள். உதடு கோணவில்லை. கண்ணாடியோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள். காப்பகத்தில், பார்க்க வருகிறவர்களுக்காகப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பார்களே, அப்படி. பிறகு கடந்துபோகும் பெண்கள் ஒவ்வொருவரையும் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள்.

வசுமதிக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். காப்பகத்துக்குப் போன முதல் நாள் அதைப் பார்த்துத்தான், "எனக்குன்னே சிரிக்குது பாருங்க" என்று ஞானசேகரின் தோளில் சாய்ந்து அழுதிருந்தாள்.