பெங்களூர் போய் வந்தவள்

சேலம் நீதிமன்றத்தில் உச்சி வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை இன்னாசிமேரியின் காலடியில் போடுகிறது. குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரியின் மண்டையை உடைத்த அவளை, நீதிமன்றத்தைக் கேட்காமல் மாநிலம் தாண்டக்கூடாதென்று நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தார்கள். "பெங்களூர் போனீங்களா?" என்கிறார் நீதிபதி. காய்ச்சலில் கிடந்ததாகச் சொல்லும்படி வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பின்னால் கைக்குழந்தையோடு நிற்கும் மகள் அக்சிலியாவைப் பார்த்தபின் அவளுக்குப் பொய் வரவில்லை. "போனேனுங்கய்யா. மகளுக்குப் பிரசவம். தொணைக்கு ஆளில்லைங்க." மின்விசிறி கடகடக்கிறது. பிணை ரத்து, ஆறு மாதம் சிறை. காகிதத்தில் கைரேகை வாங்கிக்கொண்டு பெண் காவலர் அவளை வெளியே அழைத்துப் போகிறார். வாசலில் அக்சிலியா வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை நீட்டுகிறாள். "ஒருக்கா தூக்கும்மா." இன்னாசிமேரி பெருவிரலைச் சேலையில் அழுத்தித் தேய்க்கிறாள். மை போகவில்லை. "வேண்டாம் சாமி, துணியில ஒட்டிக்கும்," என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.