கடைசி வரை ஆடியவள்

கீழே விழுந்த சிட்டு எழுந்து நின்றதும் அரங்கமே கைதட்டியது. அவளுடைய அணியின் கேப்டன் மட்டும் கைதட்டவில்லை, முறைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை நல்லதுக்கில்லை என்று கோச் மேடத்துக்கு அப்போதே பட்டது.

பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம் என்று பேர்தான், நடந்தது குஸ்தி. இரண்டு எதிரணிக்காரிகள் சிட்டுவை நடுவில் நசுக்கித் தள்ளி, மேலேயும் விழுந்திருந்தார்கள். அவள் தலை தரையில் மோதி ணங்கென்று கேட்ட சத்தம் கடைசி வரிசை வரைக்கும் போனது.

"அடிக்கு அடி! விடாதீங்கடி!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார் கோச் மேடம். அதற்குள் இன்னொருத்திக்கு முழங்கால் கிழிந்தது. ரத்தம் வழிகிறவள் களத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. அவள் கெஞ்சியும் கேட்காமல் நடுவர் வெளியே அனுப்பினார்.

பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணி தொடங்கிய நாளிலிருந்து கோப்பை என்ற வஸ்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பயிற்சிக்கூடச் சுவரில் வருஷத்துக்கு ஒரு படமாகத் தோற்ற அணிகள்தான் வரிசையாகத் தொங்கும். அதில் ஒரு படத்தில் கோச் மேடமும் நிற்பார், ஒல்லியாக, இரட்டைச் சடையோடு.

பக்கத்தில் நிற்பவள் அவருடைய உயிர்த் தோழி. அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் தலைகுப்புற விழுந்து, எழுந்து, கடைசி விசில் வரைக்கும் ஆடி, சிரித்துக்கொண்டே பஸ் ஏறித் தூங்கியவள், ஊர் வந்தபோது எழுந்திருக்கவில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணையும் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "ஆடினா இவளை மாதிரி கடைசி வரைக்கும் ஆடணும்" என்பார் கோச் மேடம். அதுதான் அங்கே முதல் பாடம்.

இன்றைக்குக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாம் சிட்டுவின் புண்ணியம். முதல் வருஷப் பெண், குள்ளம், சரியான வாயாடி. தேசிய அணித் தேர்வாளர் மேலே உட்கார்ந்து அவளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டனுக்கு வயிறு எரியாதா? அவளுக்கு அணியில் புல்டோசர் என்று பேர், உடம்பும் அப்படி, குணமும் அப்படி. இது அவளுக்குக் கடைசி வருஷம். தேர்வாளர் இன்று அவளைக் கவனிக்காவிட்டால் அப்புறம் எந்தக் கொம்பனும் கவனிக்கப் போவதில்லை.

தண்ணீர் குடிக்கக் கூடியபோது சிட்டு நெற்றியைச் சுருக்கி, "எந்தக் கூடை நம்முளது?" என்று கேட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தனை படபடப்பிலும் கோச் மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புல்டோசர் சிரிக்கவில்லை. "மேடம், சிட்டுவை உக்கார வைங்க. அவ சரியில்ல."

"பாதிப் பாயிண்ட் அவ போட்டது. அவளா சரியில்ல?"

"சொன்னா கேளுங்க மேடம்..."

"உன் வயித்தெரிச்சலையெல்லாம் பஸ்ல வெச்சுக்கோ. போய் ஆடுடி!"

விசில் ஒலித்தது. சிட்டு பந்தோடு பாய்ந்தாள். எதிரே மூன்று பேர் முழங்கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். புல்டோசர் குறுக்கே புகுந்தாள், சொந்த அணிக்காரியின் கையைப் பிடித்து இழுத்தாள், வெறிநாய் மாதிரி கடித்தாள்.

கடி என்றால் சும்மா பல் பட்ட கடி இல்லை. சிட்டு அலறினாள், பந்து எங்கேயோ உருண்டது, புல்டோசர் விடவே இல்லை. நாலைந்து பேர் அவள் முடியைப் பிடித்து இழுத்துப் பிரித்தபோது, சிட்டுவின் முன்கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீ! மனுஷியா நீ!" என்று கூட்டம் காறித் துப்பியது. தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன, ஒன்று புல்டோசரின் புருவத்தைப் பிளந்தது. நடுவர் அவளை ஆட்டத்திலிருந்தே நீக்கினார். ரத்தம் நிற்காத சிட்டுவையும் வெளியே அனுப்பினார். தேர்வாளர் எழுந்து போனார், கொஞ்ச நேரத்தில் கோப்பையும் எதிரணிக்குப் போய்விட்டது.

உடை மாற்றும் அறைக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினார் கோச் மேடம். புல்டோசரின் கன்னத்தில் பளார் பளாரென்று அறை விழுந்தது. "எத்தனை வருஷம்டி! எத்தனை பொண்ணுங்களோட கனவுடி! பொறாமை பிடிச்ச பேயே, கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டியேடி!"

சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புல்டோசர் அலமாரியில் சாய்ந்து நின்றாள். அறையைத் தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

"முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க, மேடம்."

"கடிச்சுக் குதறிட்டு இப்போ டாக்டரா? அதெல்லாம் கட்டுப் போட்டாச்சு. அவ உன்னை மாதிரி இல்லடி, தைரியசாலி. பாரு, முகத்துல சிரிப்பு மாறல!"

மூலை பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையோடு ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருந்தாள் சிட்டு. எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கோச் மேடத்தைப் பார்த்து இன்னும் நன்றாகச் சிரித்தாள்.

"மேட்ச் எப்ப மேடம் ஆரம்பிக்கும்?"