சோப்புத் தண்ணீரோடு வந்தவர்

"ரெண்டாயிரம் குரோனர். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது" என்றார் ஓட்வார்.

ஸ்டைனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளம்பரத்தில் ஆறாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். காரை ஃபெர்ரிப் படகில் ஏற்றித் தீவுவரை வந்த மனுஷன், மூன்றில் ஒரு பங்குக்குக் கேட்கிறார்.

விற்பனைக்குக் கிடந்தது ஒரு பழைய டிரை சூட். குளிர்ந்த கடலுக்குள் முங்குகிறவர்கள் கழுத்திலிருந்து கால்வரை மாட்டிக்கொள்ளும் உடுப்பு. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு இருக்கும் ஒரே வேலை.

வந்ததிலிருந்தே அந்த ஆளின் போக்கு ஸ்டைனாருக்குப் பிடிக்கவில்லை. மனைவி யோருன் சுடச்சுட வாஃபிள் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. தன் பொட்டலத்தைப் பிரித்து ரொட்டி தின்றார். தன் ஃபிளாஸ்க்கிலிருந்தே காபி குடித்தார்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். உடுப்பின் கைகளில் காலி பாட்டில்களையும் கழுத்தில் ஒரு பந்தையும் செருகி, காற்றடித்து, தான் கொண்டுவந்த சோப்புத் தண்ணீரை மேலெல்லாம் தெளித்தார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முதுகு ஜிப்பின் ஓரத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"இது என்ன?"

"எல்லா ஜிப்பும் லேசா கசியத்தான் செய்யும். கொஞ்சம் மெழுகு தேய்ச்சா சரியாயிடும்."

"மெழுகு ஏற்கெனவே அரைக் கிலோ இருக்கு. கடைசியா எப்ப இதுல முங்கினீங்க?"

"செப்டம்பர்ல. உள்ள போட்டிருந்த சட்டைகூட நனையல."

அண்டப்புளுகு. அந்த செப்டம்பரில் தண்ணீர் இடுப்புவரை ஏறி, பல் தந்தியடிக்க, கூட வந்தவர்கள் இழுத்துத்தான் அவன் படகேறினான். மறுவாரமே தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, இதைக் காயவைத்து, மெழுகு பூசி, வெயிலில் பளபளக்கப் படம் எடுத்து விளம்பரம் போட்டுவிட்டான்.

புது ஜிப் வைக்கவே நாலாயிரம் ஆகும், அதனால் ரெண்டாயிரமே அதிகம் என்று ஓட்வார் கணக்குச் சொன்னார். யோசித்துச் சொல்வதாக ஸ்டைனார் சமையலறைக்குள் போனான்.

யோருன் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தண்ணி புகுந்ததுன்னு உண்மையைச் சொல்லிட்டு, கேட்ட விலைக்குக் கொடுத்துடு. உறுத்திக்கிட்டே இருக்கு எனக்கு."

"அந்தக் கஞ்சனுக்கா?"

"ஆனா ஒண்ணு புரியல. இதுல ஒட்டியிருக்கிற பூட்ஸ் நாப்பத்திரண்டு சைஸ். அவர் பாதத்தைப் பாத்தியா? நாப்பத்தாறுக்குக் குறையாது. வாங்கி என்ன பண்ணுவார்?"

ஸ்டைனாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆள் வியாபாரி. ரெண்டாயிரத்துக்கு வாங்கி, இன்னொரு ஏமாளி தலையில் எட்டாயிரத்துக்குக் கட்டுகிற கூட்டம். தன்னையும் விஞ்சிய அயோக்கியன் ஒருவன் என்று தெரிந்ததும், உறுத்திக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது.

வெளியே வந்து கறாராகப் பேசினான். "வேண்டாம்னா விட்டுடுங்க. சனிக்கிழமை ஒரு பொண்ணு வருது. இப்பதான் முங்கப் படிச்சிருக்கு. ஆறாயிரம் தர்றேன்னு போன்லயே சொல்லிடுச்சு. சோப்புத் தண்ணியெல்லாம் தூக்கிட்டு வராது."

ஓட்வார் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார்.

"பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?"

"இருபது இருக்கலாம். ஏன்?"

அவர் போனை எடுத்தார். மறு நிமிடம் ஸ்டைனாரின் போனில் ஆறாயிரம் குரோனர் முழுசாக வந்து விழுந்தது.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது சரிதான். ஸ்டைனார் மனைவியைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்தான். அவள் திரும்பச் சிரிக்கவில்லை.

ஓட்வார் உடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோய் விரித்தார். காரிலிருந்து மீன்பண்ணையில் வலை வெட்டுகிற கத்தரியை எடுத்துவந்தார். மண்டியிட்டு, கழுத்து ரப்பரில் தொடங்கி, அடிவயிறு வரை ஒரே சீராக வெட்டினார். பிறகு ஜிப்பைக் குறுக்கே இரண்டாக்கினார்.

ஸ்டைனார் முற்றத்துக்கு ஓடிவந்தான். "உங்களுக்கென்ன பைத்தியமா? முழுசா ஆறாயிரம் கொடுத்திருக்கீங்க."

"அதான் வருத்தம். நீங்க குறைச்சிருந்தா, மிச்சப் பணத்துல அடுத்த வாரம் இன்னொண்ணை வாங்கியிருப்பேன்."

கார் டிக்கியைத் திறந்து, வெட்டிய உடுப்பை உள்ளே போட்டார். அங்கே ஏற்கெனவே நாலைந்து கிடந்தன, கறுப்பும் சிவப்புமாக. எல்லாமே கழுத்திலிருந்து வயிறுவரை வெட்டுப்பட்டவை.

"சனிக்கிழமை அந்தப் பொண்ணு வந்தா, வித்துப்போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

ஸ்டைனார் டிக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதெல்லாம்... வெட்டுறதுக்குன்னே வாங்கினதா?"

"ஆமா" என்றார் ஓட்வார், டிக்கியை மெதுவாகச் சாத்தியபடி. "என் மக வாங்கின பழசு மட்டும் இதுல இல்ல. அதை அவ உடம்புலேர்ந்து கழட்ட, ஆம்புலன்ஸ்காரங்களே வெட்டிட்டாங்க."