மூன்றாம் கூண்டில் சிவப்பு

கூண்டுக்கு அடியில் விரித்திருந்த தாளில் சிவப்புக் கறை. ஆய்வாளர் உஷாராணி குனிந்து உற்றுப் பார்த்தாள்.

குடலில் புண் வரவழைத்து, அதற்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கும் எலிகள் அவை. இந்த மூன்றாம் கூண்டில் மட்டும் மருந்து கேட்டு, ரத்தம் நின்று, ஒரு வாரமாகத் துள்ளிக் குதித்தன. இரண்டு வருட உழைப்பு இப்போதுதான் பலிக்கப்போகிறது என்று நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

"மேடம்..."

வாசலில் குமரவேல். நெட்டப்பாக்கத்திலிருந்து பைக்கில் திருபுவனை ஆய்வகத்துக்கு வந்து கூண்டு கழுவுபவன். காலையில் உள்ளே நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே போவான். முகத்தில் ஈயாடவில்லை.

"காலைல எனக்கும் செவப்பா போச்சு மேடம். எலிகிட்டேருந்து ஒட்டிக்கிச்சா?"

உஷாராணி கூண்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். எலியிலிருந்து மனிதனுக்கா? அப்படியானால் அத்தனை எலிகளையும் கொன்று ஆய்வகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். அது கிடக்கட்டும், இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இவன் பெண்டாட்டி அமுதத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

"வயிறு வலிக்குதா?"

"பயத்துல ஒண்ணுமே தெரியல மேடம்." அவன் கண் கலங்கியது. "எங்கப்பா போனதுலேருந்து காக்காவுக்கு ஒரு பிடி வெக்காம நான் சோறு துன்னதில்ல. எனக்குப் போயி இன்னாத்துக்கு இப்டி?"

உஷாராணி எலிப் புழுக்கையைச் சோதனை அட்டையில் தேய்த்து, அதற்கான கரைசலைச் சொட்டு விட்டாள். ரத்தம் இருந்தால் நீலமாக மாறும்.

மாறவில்லை. இன்னொரு புழுக்கை, இன்னொரு அட்டை. அதுவும் மாறவில்லை.

சட்டென்று நிமிர்ந்தாள். "நேத்து மத்தியானம் இன்னா சாப்ட்டீங்க?"

"அமுதம் கட்டிக்குடுத்த பீட்ரூட் சோறு."

உஷாராணி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்துகொண்டு வந்தன. "அந்தச் சாயம்தான் குமரவேல்! உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் இருந்த இடத்திலிருந்தே சாமியைக் கும்பிட்டான்.

சிரித்தபடியே கூண்டுப் பக்கம் திரும்பியவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி, எலிக்கு எப்படி பீட்ரூட் சோறு கெடச்சுது?"

குமரவேல் தலையைச் சொறிந்தான். ஜன்னலே இல்லாத அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"உள்ள காக்கா ஏது மேடம்?"