இரண்டாவது குகை

"தலையக் குனிங்கப்பா. இங்கதான் இடிக்கும்."

அவன் குனிந்தான்.

மகள் முன்னால் போனாள். எந்தக் கல் வழுக்கும், எது வழுக்காது என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. குகைக்குள் கடல்நீர் கணுக்கால்வரை வந்து திரும்பியது.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அபிஷா அவனோடு இருப்பாள். இந்த ஞாயிறுக்காக அவன் முன்பே ஒருநாள் நாகர்கோவிலிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து, பாறைகளுக்கு நடுவே வழி பார்த்து வைத்திருந்தான்.

"நீ இங்க வந்திருக்கியா மக்ளே?"

"நெறைய வாட்டி. ரெகுப்பா கூட."

ரெகு, அவள் அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன். குடிக்கமாட்டான். குரல் உயர்த்தமாட்டான். அவனிடம் குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று இவனும் தேடிப் பார்த்துவிட்டான்.

பாறையில் ஒரு துளையைக் காட்டினாள்.

"இதுல காத வைங்க. விசிலடிக்கும். ரெகுப்பாதான் கண்டுபிடிச்சாவ."

வைத்தான். விசிலடித்தது.

"அந்தப் பக்கம் இன்னொரு குகை இருக்குல்லா. அங்க போயிருக்கியா?"

"இல்ல. தண்ணி ஏறும், போண்டாம்னு ரெகுப்பா சொன்னாவ."

"நான் இருக்கேன்லா."

அவளைத் தூக்கிக்கொண்டான்.

வாசல் குறுகல். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. உள்ளே இருட்டு, மேலே எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதக் கண்டிருக்கியா? சொல்லு, கண்டிருக்கியா?"

அவள் அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

வாசல் வெளிச்சம் அணைந்தது.

பிறகுதான் அலை என்று தெரிந்தது. முதுகு பாறையில் மோதியது. வாயெல்லாம் உப்பு.

கைகள் காலியாக இருந்தன.

துழாவினான். பாறை. பாசி. மறுபடி பாறை. பிறகு, பாவாடையின் ஓரம்.

இழுத்தான்.

வெளியே மணலில் அவள் கடல்நீரைக் கக்கினாள். முட்டியில் ரத்தம். அவன் தன் சட்டையைக் கழற்றிப் பிழிந்து அவள் தலையைத் துவட்டினான். துவட்டிக்கொண்டே இருந்தான்.

"அழாதீங்கப்பா. நான் ரெகுப்பாட்ட சொல்லமாட்டேன்."

அந்த நேரத்திலும் உள்ளே எங்கோ இனித்தது. அது தெரிந்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளை அழைத்துப் போக ரெகு மேலே ரோட்டில் காத்திருந்தான். ஈரத்தலையைப் பார்த்தான். முட்டியைப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"மணல்ல ஓடும்போ விழுந்துட்டேன்."

சொல்லிவிட்டு அப்பாவின் விரல்களை ரகசியமாக அழுத்தினாள். இத்தனை ஞாயிறுகளில் அவள் தானாக அவன் கையைப் பிடித்ததில்லை.

ரெகு குனிந்து, தன் கைக்குட்டையால் அவள் முட்டியை ஒற்றினான்.

"அவ ஓடி விழல்ல, ரெகு" என்றான் அவன். "நான்தான் அந்தக் குகைக்குள்ள கொண்டு போனேன்."

ரெகு நிமிர்ந்தான்.

அபிஷா அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.